அழட்டும், விடு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எலும்புக்கும் பரவிவிட்டது. மனஅழுத்த ஹார்மோன் கோர்ட்டிசோல் கூடினால் ஆயுள் குறையும் என்று வாசித்தேன். அம்மாவோ இரவெல்லாம் அழுகிறார். "அழுதால் நோய் கூடும்" என்று சொல்லியும் கேட்பதில்லை. எப்படி நிறுத்துவது? பப்பாசி இலைச்சாறு கொடுக்கலாமா?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

பப்பாசி இலையை வைத்தியரிடம் கேள். மற்றதைச் சொல்கிறேன்.

என் அம்மாவை மருந்தேற்ற மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். திருகோணமலையிலிருந்து இரவு பஸ். அவரிடமும் வீட்டில் எல்லோரும் இதையேதான் ஓதியிருந்தோம்: கவலைப்படாதே, கூடிவிடும். ஒருநாள் ஹபரணையில் பஸ் நின்றபோது திடுக்கிட்டு விழித்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கனவில் பயந்தாலும் கூடுமா பிள்ளை?" என்று கேட்டார். தூக்கத்தில்கூட அவரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தோம். நீயும் அதையே செய்கிறாய். உடனே நிறுத்து.

நீ வாசித்ததற்கு மூலம் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் 2000ஆம் ஆண்டு ஆய்வாக இருக்கும். நோய் பரவிய 104 பெண்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். கோர்ட்டிசோல் காலையில் உயர்ந்து இரவில் தாழ வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிப்போனவர்கள் முன்னதாக இறந்தார்கள். உண்மைதான். ஆனால் நோயும் வலியும் கெட்ட தூக்கமும்கூட அந்தத் தாளத்தைக் குலைக்கும். எது எதை இழுத்துவந்தது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அழுகைதான் கொன்றது என்று சொல்லவே சொல்லாது.

இன்னொன்றையும் கேள். மனதைத் தேற்றினால் ஆயுள் நீளும் என்ற நம்பிக்கையை ஊரெல்லாம் பரப்பியது, அதே ஸ்டான்போர்டில் மனநல வைத்தியர் டேவிட் ஸ்பீகல் 86 பெண்களுடன் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வு. அதில் குழுக்களாகக் கூடிய பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாரந்தோறும் கூடியிருந்து சாவைப் பற்றிப் பேசினார்கள். பயத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். அழுதார்கள். யாரும் வாயைப் பொத்தவில்லை! பிறகு கனடாவில் அதையே 235 பெண்களிடம் செய்து பார்த்து 2001இல் வெளியிட்டார்கள், ஆயுள் நீளவில்லை. ஆனால் வேதனையும் வலியும் குறைந்தன. அது போதாதா உனக்கு? எனக்குப் போதும். என் அம்மாவுக்கு அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

இரவெல்லாம் அழுகிறார் என்கிறாய். எலும்புக்குப் பரவிய நோய் இரவில் குடையும். வலிக்கிறதா என்று ஒருமுறையாவது கேட்டாயா? கேள். எங்கே, எத்தனை மணிக்கு, திரும்பிப் படுத்தால் குறைகிறதா என்று குறித்துவை. அடுத்த கிளினிக்கில் அதை முதலில் சொல். அந்த வலிக்கு மாத்திரை இருக்கிறது, மோர்பின் இருக்கிறது, கதிர்ச்சிகிச்சை இருக்கிறது.

இன்றிரவு அவர் பக்கத்தில் பாயைப் போட்டுப் படு. நாங்கள் சொன்னது பிழை அம்மா என்று சொல்.