போர்ஷே 944 டர்போவின் 2.5 லிட்டர் எஞ்சினைப் பிரிக்கப் போகிறேன். அப்படியே புதுப்பித்தால் போதுமா, 3 லிட்டராகப் பெரிதாக்கலாமா?

முதலில் சிலிண்டர்களை அளந்து பாருங்கள். சுவர்கள் நன்றாக இருந்தால் 2.5 லிட்டராகவே புதுப்பித்து ஓட்டுங்கள், அது அருமையான எஞ்சின். பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) கெட்டுப்போயிருந்தால் தயங்காமல் 3 லிட்டருக்குப் போங்கள். நான் இரண்டாவது வழியில் போனேன். என் எஞ்சினைத் திறந்தபோது மூன்றாம் சிலிண்டரில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல் இருந்தது.

சிலிண்டர் சுவரை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், இந்த பிளாக் மற்றவை மாதிரி கிடையாது. பல எஞ்சின்களில் தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, ஹோனிங் செய்து (கல்லால் தேய்த்துச் சீராக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் வேலை முடிந்தது. 944-இன் பிளாக் அலுசில் என்ற கலவையால் ஆனது: அலுமினியம், அதில் ஏறக்குறைய 17 விழுக்காடு சிலிக்கான். உள்ளே இரும்பு லைனர் (தனி உட்குழாய்) கிடையாது. சுவரின் மேற்பரப்பில் அலுமினியத்தைத் துளி பின்வாங்க வைத்து, கடினமான சிலிக்கான் துகள்களை மேலே நிற்க விட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங் ஓடுவது அந்தத் துகள்கள்மேல். இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் எண்ணெய் தங்கும். அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் பிடித்துக்கொள்ளும் என்பதால் பிஸ்டனின் பக்கங்களுக்கு இரும்புப் பூச்சு வேறு. வார்ப்பிரும்புக்கு ஓட்டுகிற அதே கல்லை இதில் ஓட்டினால் சிலிக்கான் துகள்கள் உடைந்து பிய்ந்து வரும். பார்வைக்குப் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் எண்ணெய் குடிக்கும், சீக்கிரமே கீறும்.

நான் முதலில் விசாரித்த பட்டறையில், எல்லா பிளாக்குக்கும் ஒரே ஹோனிங்தான் என்றார்கள். பிளாக்கை அங்கே இறக்கவே இல்லை. அலுசிலைக் கடைசிக் கட்டத்தில் சிலிக்கான் பசை கொண்டு தேய்த்து முடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தேன். நீங்களும் ஒரு பாகம்கூட வாங்குவதற்கு முன்னால் அப்படி ஒருவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நிக்கசில் (நிக்கலில் சிலிக்கான் கார்பைடு கலந்த) பூச்சு, இல்லையென்றால் லைனர் இறக்குவது என்று வழி மாறும். அதற்கேற்ப பிஸ்டனும் மாறும்.

சரி, பெரிதாக்கும் கணக்குக்கு வருவோம். உங்கள் எஞ்சினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 100 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 78.9 மி.மீ., கொள்ளளவு 2479 சி.சி. இதே குடும்பத்தைச் சேர்ந்த, டர்போ இல்லாத 944 எஸ்2-வில் போர் 104, ஸ்ட்ரோக் 88, கொள்ளளவு 2990 சி.சி. உங்கள் பிளாக்கை வைத்துக்கொண்டு எஸ்2 கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) மட்டும் போட்டால் 2765 சி.சி. வரும், 2.8 என்று சொல்வார்கள். பிளாக்கையும் மாற்றினால் முழு 3 லிட்டர். இது ஏதோ வெளியாட்களின் விபரீத யோசனை அல்ல. போர்ஷேவே 968 டர்போ எஸ் காரில் 3 லிட்டர் பிளாக்கின்மேல் 8 வால்வு ஹெட்டும் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) டர்போவும் வைத்தது. 305 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 3000 சுற்றிலேயே 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முதலில் வந்த 944 டர்போவில் 220 குதிரைத்திறன், 3500 சுற்றில் 330 நியூட்டன் மீட்டர்.

இதில் என்னை இழுத்தது 305 அல்ல, அந்த 3000 சுற்றுதான். அதே பூஸ்டில் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தில்) கொள்ளளவு 20 விழுக்காடு கூடுகிறது என்பது கணக்கு. ஓட்டும்போது தெரிவது வேறு: குறைந்த சுற்றிலேயே புகை அதிகம் போவதால் டர்போ முன்னதாக எழுந்துகொள்கிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது பெடலை மிதித்துவிட்டுக் காத்திருக்கும் அந்த இடைவெளி பெருமளவு மறைந்துவிட்டது. இதற்காகவே இந்த வேலையை இன்னொரு முறையும் செய்வேன். ஆனால் பழைய கே26 டர்போவையே வைத்தால் மேல் சுற்றில் மூச்சு முட்டும், 3 லிட்டரின் புகையை வெளியேற்ற அது சிறியது. உச்சக் குதிரைத்திறன் மட்டும்தான் உங்கள் குறி என்றால், நல்ல நிலையிலுள்ள 2.5-இல் பெரிய டர்போ வைப்பது சுலபமான வழி.

பலர் கவனிக்காமல் விடுவது கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் வருவது எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை. உங்கள் எஞ்சினில் அது 8-க்கு 1. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 620 சி.சி., ஆகவே பிஸ்டன் உச்சியில் மீதி இடம் 88.5 சி.சி. அந்த இடத்தை மாற்றாமல் சிலிண்டரை 747 சி.சி. ஆக்கினால் விகிதம் 9.4-ஐத் தாண்டிவிடும். பூஸ்ட் ஏற்றும்போது நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரும், பிஸ்டன் உடையும். எட்டிலேயே நிற்க வேண்டுமானால் ஏறக்குறைய 18 சி.சி. கூடுதல் இடம் தேவை. அதைப் பிஸ்டன் தலையில் பள்ளமாகக் கேட்டு வாங்க வேண்டும். ஹெட்டையோ பிளாக்கின் மேல்முகத்தையோ சீவியிருந்தால் கணக்கு மீண்டும் மாறும், அதனால் எரிதல் நடக்கும் சேம்பரில் திரவம் ஊற்றி அளந்த பிறகே பிஸ்டனுக்கு ஆர்டர் கொடுங்கள். 2.8 வழியில் போனால் இன்னொன்று: பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் 150 மி.மீ. ராடையே வைத்துக்கொண்டால், பிஸ்டனில் அந்த ராடு மாட்டும் பின் 4.55 மி.மீ. மேலே போக வேண்டும், பழைய பிஸ்டன் பொருந்தாது.

ஸ்ட்ரோக் நீண்டால் பிஸ்டன் வேகமும் கூடும். 6500 சுற்றில் சராசரி வேகம் நொடிக்கு 17 மீட்டரிலிருந்து 19 மீட்டராகிறது. நல்ல ஃபோர்ஜ்டு பிஸ்டனும் ராடும் தாங்கும், ஆனால் சுற்றை அதற்கு மேல் துரத்த வேண்டாம். இந்த எஞ்சினின் சுகம் அங்கே இல்லவும் இல்லை.

அப்புறம் எண்ணெய். இந்தக் குடும்ப எஞ்சின்களில் இரண்டாம் சிலிண்டரின் ராட் பேரிங்தான் முதலில் போகும் என்று பெயர். நீண்ட வளைவுகளில் வேகமாக ஓட்டும் கார்களில் இன்னும் அதிகம். பிரித்திருக்கும்போதே எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வையுங்கள், கிராங்கைச் சமன்படுத்துங்கள், ஒவ்வொரு பேரிங் இடைவெளியையும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் மெல்லிய இழை) வைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கூலர் உறையின் சீல்களைப் புதிதாகப் போடுங்கள், அவை போனால் எண்ணெயும் கூலன்டும் கலந்துவிடும். டைமிங் பெல்ட், பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், உருளைகள், வாட்டர் பம்ப் எல்லாம் புதியவை. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும் எஞ்சின் இது. கிளட்சையும் இப்போதே மாற்றிவிடுங்கள், கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் பிறகு அந்த ஒரு வேலைக்கு மட்டும் பாதி காரைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மோட்ரானிக் கணினியில் இருப்பது 2.5 லிட்டருக்கான எரிபொருள் கணக்கு. பெரிய இன்ஜெக்டரும் கணினிக்குப் புதிய மேப்பும் (எரிபொருள் கணக்கு) இல்லாமல் பூஸ்ட் ஏற்றவே கூடாது. எரிபொருள் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரை முதல் நாளிலிருந்தே பொருத்தி வையுங்கள்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்தம் மீட்டரில் ஏறும்வரை வெறுமனே சுற்றுங்கள். ஓடத் தொடங்கியதும் கொஞ்ச நேரத்திலேயே எண்ணெயை மாற்றி, ஃபில்டரை அறுத்து உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் பூஸ்டைச் சிறிது சிறிதாக ஏற்றலாம்.