காலம் கடந்த கடன் தீர்ந்த கடனா?

கேள்வி: ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நண்பரிடம் 80,000 ரூபாய் கைமாற்றாக வாங்கினேன். எழுத்து எதுவும் இல்லை. அவர் வெளியூர் போய்விட்டார். இதுவரை கேட்கவும் இல்லை. "மூணு வருஷம் தாண்டிடுச்சு, இனி கேஸ் நிற்காது" என்கிறார் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் என் மைத்துனர். சட்டமே விட்டுவிட்ட கடனைத் திருப்பித் தராவிட்டால் பாவமா?

பதில்: அன்புச் சகோதரரே, உங்கள் மைத்துனர் சொன்னது பாதி சரி. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இப்படிப்பட்ட கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் சாத்துவது கோர்ட்டுக் கதவை மட்டும்தான். கடன் அப்படியே இருக்கிறது. "அந்தப் பழைய கடனைத் தந்துவிடுகிறேன்" என்று இன்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி அது செல்லும். இல்லாத கடனுக்கு எதற்கு அப்படி ஒரு பிரிவு?

உங்கள் குழப்பம் 'சட்டம்' என்ற சொல்லில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற கிறிஸ்தவ இறையியல் அறிஞர் அதை நான்காகப் பிரித்துச் சொன்னார். உலகம் முழுவதையும் நடத்தும் கடவுளின் ஞானம் நித்திய சட்டம். அதில் நம் பகுத்தறிவுக்கு எட்டும் பங்கு இயற்கைச் சட்டம். அதை வைத்து ஊரும் நாடும் வகுத்துக்கொள்வது மனிதச் சட்டம். பைபிளில் வெளிப்படுத்தப்பட்டது தெய்வீகச் சட்டம். மைத்துனர் பேசியது மூன்றாவதைப் பற்றி மட்டும்.

நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பது இயற்கைச் சட்டத்துக்கு அக்வினாஸே காட்டும் உதாரணம். அதற்கு விலக்கும் சொல்கிறார்: திருப்பிக் கேட்பவன் அதைக் கொண்டு தாய்நாட்டுக்கு எதிராகப் போரிடப் போகிறான் என்றால் தரக் கூடாது. உங்கள் நண்பர் விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லையே!

மனிதச் சட்டம் எல்லாத் தீமையையும் தடுக்காது, தடுக்கவும் முடியாது என்பதும் அவர் சொன்னதுதான். அது சாதாரண ஜனங்களுக்காக எழுதப்படுவது. கொலை, திருட்டு போல, விட்டுவைத்தால் சமுதாயமே நிலைக்காது என்கிற தீமைகளைத்தான் முக்கியமாகத் தடுக்கும். காலவரையறையை நான் குறை சொல்ல மாட்டேன். சாட்சிகள் இறந்துபோவார்கள், காகிதங்கள் தொலையும். வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும். அதற்காக வைத்த வரம்பை உங்களுக்குக் கிடைத்த மன்னிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் தெய்வீகச் சட்டம் எதற்கு? மனிதர்களால் வெளியே தெரியும் செயலைத்தான் விசாரிக்க முடியும், உள்ளத்தைப் பார்க்க முடியாது என்பது அக்வினாஸ் தரும் காரணங்களில் ஒன்று. உங்கள் கதையில் பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, கேட்பாரும் இல்லை. இருந்தும் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதினீர்கள். இருதயத்தில் எழுதப்பட்ட பிரமாணம் என்று பைபிளில் ரோமர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் சொல்வது இதைத்தான். கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தாதவனை 37-ஆம் சங்கீதம் துன்மார்க்கன் என்றே அழைக்கிறது. உங்களை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே, தராமல் இருப்பது பாவம்தான். இந்த வாரமே நண்பருக்குப் போன் செய்யுங்கள். மொத்தமாகக் கையில் இல்லையென்றால் மாதம் ஐயாயிரம் என்றாவது ஆரம்பியுங்கள். அவர் உயிரோடு இல்லையென்றால் மனைவி மக்களிடம் சேருங்கள். "வேண்டாம், வைத்துக்கொள்" என்று அவரே சொன்னால் கடன் அத்தோடு தீர்ந்தது. ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். இத்தனை வருட மௌனத்துக்கு, கேட்கக் கூச்சம் என்பதும் காரணமாக இருக்கலாம்.