முதியோர் இல்லத்தில் இருப்பவரின் உரிமை: கேள்வி-பதில்

ஓசூர் அருகே ஓர் இல்லத்தில் அம்மா இருக்கிறார். விழுந்துவிடுவார் என்று ராத்திரியில் கையைக் கட்டிலோடு கட்டுகிறார்கள். சரியா?

சரியில்லை. இன்றே போய்ப் பாருங்கள். மணிக்கட்டில் தழும்பு இருந்தால் தேதியோடு படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். கட்டச் சொன்னது யார் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ராத்திரி வேலைக்கு ஆள் போதவில்லை என்பது கட்டிவைக்கக் காரணமாகாது. கட்டிலைத் தாழ்த்தலாம், கழிப்பறை வழியில் விளக்குப் போடலாம். இன்னொன்று: அம்மா தெலுங்கு மட்டும் பேசுபவரா? உங்கள் பக்கம் இதைப் பார்த்திருக்கிறேன். பாத்ரூம் போகணும் என்று கூப்பிட்டது ராத்திரி ஆளுக்குப் புரியாமல், தானே எழுந்து விழுந்திருப்பார். அவர் சொல்லக்கூடிய பத்து தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில், தமிழ்ப் பொருளோடு எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். நிறுத்தாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. ராத்திரி அவசரத்துக்கு 112.

மகனுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தேன். இல்லத்தில் சேர்த்தவன் இப்போது பணம் கட்டுவதில்லை. (ஊத்தங்கரை வாசகி)

அம்மா, 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள், வக்கீல் தேவையில்லை. நடக்க முடியாவிட்டால் நீங்கள் அதிகாரம் கொடுத்த ஒருவர் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். செட்டில்மென்ட் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு, சட்டம் வந்த பிறகு எழுதியது என்றால், 23-ஆம் பிரிவில் அதைச் செல்லாதென அறிவிக்கக் கேட்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச உதவி உண்டு.

அப்பாவின் போனை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

திருப்பிக் கேளுங்கள். சேர்க்கும்போது நீங்கள் போட்ட கையெழுத்து, அவர் யாரோடு பேசலாம் என்பதை முடிவு செய்யாது.

புகார் கொடுத்தால் அப்பாவிடம் கோபத்தைக் காட்டுவார்களே? (பாலக்கோடு)

இந்தப் பயம் நியாயமானது. என்னிடம் வரும் குடும்பங்கள் முதலில் சொல்வதே இதுதான். எதுவும் செய்யும் முன் அப்பாவைத் தனியே உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். வாயைத் திறக்காதே என்றால், ஏன் என்று கேட்டு அதையும் மதியுங்கள். சாப்பாட்டு நேரத்தில், வெவ்வேறு கிழமைகளில் போங்கள். கண்டதை நோட்டில் குறித்து வையுங்கள். அவர் சம்மதித்ததும் திங்கட்கிழமை தருமபுரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். நகலை மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் அனுப்புங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த வாரம் தினமும் அப்பாவைப் போய்ப் பாருங்கள்.