தோற்கும் என்று தெரிந்த டெஸ்டுகள்

கேள்வி: எங்கள் பைத்தான் புராஜெக்டில் சில டெஸ்டுகள் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்கள்) தோற்கும் என்று தெரியும். பிழையைச் சரிசெய்ய நாளாகும். அதுவரை ‘ஸ்கிப்’ போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்கிப் போட்டால் டெஸ்ட் ஓடவே ஓடாது. பிழை சரியானாலும் தெரியவராது. பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் இதற்கென்றே ‘எக்ஸ்ஃபெயில்’ (xfail) இருக்கிறது; ‘இது தோற்கும்’ என்று டெஸ்டின் மேல் போடும் குறி அது. டெஸ்ட் ஓடும், தோற்றாலும் பில்டு (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஓட்டம்) நிற்காது. ‘ரீசன்’ பகுதியில் பிழைப் பதிவின் எண்ணை எழுதுங்கள். ‘ரெய்சஸ்’ பகுதியில் எந்த எக்ஸெப்ஷன் (நிரல் எழுப்பும் பிழை வகை) வரும் என்று குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால், வேறு காரணத்தால் வரும் புதுப் பிழையும் அதே போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும். மிக முக்கியம், ‘ஸ்ட்ரிக்ட்’டை ‘ட்ரூ’ ஆக்குவது. அப்போதுதான் பிழை சரியாகி டெஸ்ட் தேறும் நாளில் பில்டு நின்று, குறியை நீக்கச் சொல்லும். ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் டெஸ்டுக்கு மட்டும் ஸ்ட்ரிக்ட் ஒத்துவராது.