மயக்க ஊசி போட்டதும் குதிரையின் நாடி விட்டுவிட்டுத் துடிக்கிறதே, இதயத்துக்கு ஆபத்தா?

காயடிக்க மயக்க ஊசி போட்டபோது உங்கள் குதிரைக்கு நாடி விட்டுவிட்டு வந்தது, பயந்துபோனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நாகர்கோவிலில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன், இந்தப் பயத்தை நிறைய பார்த்திருக்கிறேன்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இதே வேலை. கழுத்து ரத்தக் குழாயில் சைலசின் என்ற மயக்க ஊசியைப் போட்டுக் குதிரை தலையைத் தொங்கவிட்டதும், குதிரைக்காரர் அண்ணாச்சியின் விரலைத் தாடையின் அடி விளிம்பில் ஓடும் நாடியில் வைத்துக் காட்டினேன். மூன்று துடிப்பு வந்தது, நாலாவதைக் காணோம். "டாக்டரே, நின்னு போச்சா?" என்று கையை எடுத்துவிட்டார்.

நிற்கவில்லை. சைலசின் ரத்தக் குழாய்களை இறுக்குவதால் முதலில் அழுத்தம் ஏறும், அதற்கு ஈடாக இதயம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கிற இதயம் இருபதுகளுக்கு இறங்கும், மேலறையில் கிளம்பும் சைகை சில நேரம் கீழறைக்குப் போய்ச் சேராது, அங்கேதான் ஒரு துடிப்பு விடுபடுகிறது. துடிப்பு குறைந்துவிட்டதே என்று துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசியைப் போடச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள், அது குடல் அசைவை நிறுத்தி வயிற்றுவலியில் கொண்டு விடலாம்.

குதிரையைப் படுக்க வைக்க அப்புறம் போடுகிற கெட்டமின் என்ற மயக்க மருந்து, இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகளைத் தூண்டுவதால் துடிப்பும் அழுத்தமும் பெரிதாக விழாமல் நிற்கும். ஐசோஃப்ளுரேன் மாதிரி வாயு மயக்கத்தில் அழுத்தம் இதைவிட அதிகமாக இறங்கும். அதனால்தான் தோப்பில் செய்கிற சின்ன வேலைக்கு ஊசி மயக்கமே எனக்குப் பிடிக்கும்.

எனக்குக் கவலை தருவது படுத்திருக்கும் நேரம். கெட்டமின் ஒரு ஊசிக்கு 10 முதல் 20 நிமிடம் கிடைக்கும், சொட்டு மருந்தில் நீட்டினாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்ட நான் விரும்பமாட்டேன். முன்னூறு நானூறு கிலோ உடம்பு ஒரு பக்கமாகக் கிடந்தால் நுரையீரல் அமுங்கி ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும். சராசரி ரத்த அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கினால், அடியில் நசுங்கும் தசைக்கு ரத்தம் போகாமல், எழும்போது கால் ஊன்ற முடியாமல் போகலாம். அதனால் மெத்தென்ற இடமாகப் பார்த்துப் படுக்க வையுங்கள், தலைக்கயிற்றைக் கழற்றிவிடுங்கள், ஈறை விரலால் அழுத்திப் பாருங்கள், இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

அண்ணாச்சி மறுபடி விரலை வைத்தார், குதிரை தலையைத் தூக்கும்வரை எடுக்கவே இல்லை.