அம்மாவைப் பற்றி என்ன எழுதுவது? – வாசகர் கேள்வி பதில்

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பற்றிப் போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப்போய், அம்மா, பாட்டி நினைவாக எழுதுவது எப்படி என்று கடிதம் மேல் கடிதம். அதனால் இந்த முறை அரசியல், சினிமா கிடையாது. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் அம்மாவுக்குத் தலைத்திவசம். சின்னதாக ஒரு நினைவு மலர் போடலாம் என்று அண்ணன் தம்பிகள் எல்லாரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். ‘அன்பின் உருவம், தியாகத்தின் சிகரம்’ என்று எழுதினேன், அதற்கு மேல் ஓடவில்லை. அம்மா வேலைக்குப் போனவர் இல்லை. எங்களை வளர்த்தார், பேரப்பிள்ளைகளை வளர்த்தார், அவ்வளவுதான். (திருநெல்வேலி)

முதலில் அந்த இரண்டு வரியையும் அடித்துவிடுங்கள். அதன் மேல் உங்கள் அம்மா போட்டோவை எடுத்துவிட்டு என் அம்மா போட்டோவை ஒட்டினாலும் பொருந்தும், அப்படிப் பொருந்துகிற எதுவும் உங்கள் அம்மாவைப் பற்றியது இல்லை.

‘அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டீர்களே, விஷயம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. மாசக் கடைசியில் எந்தக் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினார், யாருடைய காலேஜ் ஃபீசுக்கு எந்த நகை அடகுக்குப் போனது, அது திரும்பி வந்ததா, சீட்டுப் பணத்தை அப்பாவுக்குத் தெரியாமல் எதில் ஒளித்து வைத்தார், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவார் (அந்தத் திட்டை அப்படியே எழுதுங்கள், படிக்கிற சொந்தக்காரர்களுக்கு அவர் குரலே கேட்டுவிடும்), எந்தச் சித்தியோடு எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார், எந்தக் கல்யாணத்தில் சமாதானம் ஆனது. இதெல்லாம் உங்களுக்கே முழுசாகத் தெரியாது. பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, வாசலில் பூ கொடுத்தவர் என்று ஒரு சுற்று போய்வாருங்கள்.

பேரப்பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள். அவர்கள் பார்த்தது வேறு ஆள். பென்சிலைத் தொலைத்ததற்கு உங்களை அடித்த அதே அம்மா, பேரன் உடைத்த போனை முந்தானையில் மறைத்து அவனைக் காப்பாற்றியிருப்பார். இரண்டையும் போடுங்கள், ‘கண்டிப்பும் கனிவும் நிறைந்தவர்’ என்று ஒன்றாகப் பிசைந்துவிடாதீர்கள்.

துறவியான பட்டினத்தாரே தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது பெரிய குணங்களை அடுக்கவில்லை. தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும் வைத்துச் சீராட்டியவளை விறகில் வைப்பதா, என்னைத் தேனே என்று கொஞ்சிய வாய்க்கு அரிசி போடுவதா என்றுதான் அழுதார். இத்தனை நூற்றாண்டு கழித்தும் சாவு வீட்டில் அதைப் பாடினால் ஆண்கள் எழுந்து வெளியே போய் நிற்கிறார்கள்.

பாட்டியின் ஆதாரில் 1.1.1947 என்று இருக்கிறது. பாட்டி எப்போதும் ‘விகிர்தி வருஷம் ஐப்பசி, ரோகிணி’ என்பார். எதை அச்சடிப்பது? (தஞ்சாவூர்)

பாட்டி சொன்னதை. ஆதாரில் ஜனவரி ஒன்று என்று இருந்தால், பெரும்பாலும் தேதி தெரியாமல் யாரோ குத்துமதிப்பாகப் போட்டதாகத்தான் இருக்கும். நம் ஊர்ப் பாதிப் பாட்டிகளுக்கு அன்றைக்குத்தான் பிறந்தநாள்! தமிழ் வருஷங்கள் அறுபது, சுற்றிச் சுற்றி வரும். விகிர்தி என்பது 1950 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1951 ஏப்ரல் வரை. அதற்கு முந்தைய விகிர்தி 1890, பிந்தையது 2010, ஆகவே குழப்பத்துக்கே இடமில்லை. ஐப்பசி என்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. நட்சத்திரங்கள் இருபத்தேழு என்பதால் ஒரு மாதத்தில் ரோகிணி ஒரு தடவை வரும், மிஞ்சினால் இரண்டு தடவை. அந்த வருஷப் பஞ்சாங்கம் கிடைத்தால் ஒரு ஜோசியர் பத்து நிமிஷத்தில் தேதி சொல்லிவிடுவார். ஆதார்படி பார்த்ததைவிடப் பாட்டிக்கு மூன்று வயசுக்கு மேல் குறைகிறது, சந்தோஷம்தானே.

அம்மம்மாவின் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறோம். திதி வெண்பா, புலம்பல் எல்லாம் பழைய காலம், கலர்ப் படங்கள் போதும் என்று கனடாவில் இருக்கிற தம்பி சொல்கிறான். (யாழ்ப்பாணம்)

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: அங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில், இறந்தவரின் வரலாறும் தேவாரங்களும் அடங்கிய சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர்.

தம்பியிடம் சொல்லுங்கள், திதி வெண்பா அலங்காரத்துக்கு வந்தது இல்லை. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நாலு வரிக்குள் அடக்கிவிட்டால் பிள்ளைகள் திவசத்தை மறக்க மாட்டார்கள் என்று செய்த ஏற்பாடு. அது கட்டாயம் இருக்கட்டும். புலம்பல் விஷயத்தில் மட்டும் நான் தம்பி கட்சி. கூலிக்கு எழுதி வாங்கிய ‘பேரப்பிள்ளைகள் புலம்பல்’ எல்லா வீட்டுக் கல்வெட்டிலும் ஒரே அச்சு. அந்த இரண்டு பக்கத்தை டொரன்டோப் பேரப்பிள்ளைகளிடமே கொடுங்கள், தமிழ் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. வம்சவழியில் பெண்களின் பெயரையும் பிறந்த ஊரையும் விடாதீர்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்கிற இணைய நூலகத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்களைச் சேர்த்து வைக்கிறார்கள், ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.

பேரப்பிள்ளைகள் மூலமாகவே நினைக்கப்படுகிற பாட்டி என்று யாரைச் சொல்வீர்கள்? (மதுரை)

வீணை தனம்மாள், 1867–1938. சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை கேட்கப் பெரிய வித்வான்களெல்லாம் வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். மகள் காமாட்சியின் பிள்ளைகள் பாட்டில் பிருந்தா, முக்தா. இன்னொரு மகள் ஜயம்மாளின் பிள்ளைகள் நாட்டியத்தில் பாலசரஸ்வதி, மிருதங்கத்தில் ரங்கநாதன், புல்லாங்குழலில் விஸ்வநாதன். ஒரு பாட்டிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்! 1973இல் பாலா, 1976இல் பிருந்தா, 1988இல் விஸ்வநாதன் என்று மூன்று பேர் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது வாங்கியவர்கள். விஸ்வநாதன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். ஜார்ஜ் டவுன் வீட்டுப் பதங்களும் ஜாவளிகளும் அங்கே வரைக்கும் போயிருக்கின்றன, பெரும்பாலும் வாய்ப்பாடமாகவே.

அம்மாவுக்கும் மருமகள்களுக்கும் ஒத்துப்போனதே இல்லை. இதையும் எழுதலாமா? (ஈரோடு)

மருமகள்களையே எழுதச் சொல்லுங்கள். மலரிலேயே எல்லாரும் முதலில் படிக்கிற பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

என் அம்மா இருக்கிறார், வயசு 78. இப்போதே கேட்டு வைக்கலாம் என்று உட்கார்ந்தால் ‘என்னத்தைச் சொல்ல’ என்று எழுந்து போய்விடுகிறார். (கோவை)

நீங்கள் போனை முன்னால் வைத்து ‘உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க’ என்று ஆரம்பித்திருப்பீர்கள். போலீஸ் விசாரணை மாதிரி அப்படிக் கேட்டால் நானும் எழுந்துதான் போவேன். அம்மா கீரை ஆயும்போதோ பூ கட்டும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நாலு ஆய்ந்துகொண்டே பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்து, ‘இந்த ஓரத்துல நிக்கறது யாரும்மா’ என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் நீங்கள் பேசவே வேண்டாம். தேதி தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், திருத்தினால் பேச்சு நின்றுவிடும். பேரனோ பேத்தியோ கூட இருந்தால் இன்னும் நல்லது, உங்களிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்வார். பதிவு செய்யலாமா என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுத் தள்ளி வையுங்கள், நடுவில் கால் வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும்.