பனிச் சாலையில் கொட்டும் உப்பு கடைசியில் எங்கே போகிறது?

"கனடா, அமெரிக்காவில் குளிர்காலத்தில் சாலையில் டன் கணக்கில் உப்பு போடுகிறார்களாமே, பனி உருகிய பிறகு அது என்ன ஆகும்? ஏரி, ஓடைத் தண்ணீரைக் கெடுக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கெடுக்கும். நான் டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறேன். இங்கே வந்த புதிதில் மூன்று குளிர்காலம், கடைத்தொகுதிகளின் பார்க்கிங்கில் இரவு முழுக்க உப்பு போடும் வேலை பார்த்தேன். ஆக, இந்த வழக்கில் நானும் ஒரு குற்றவாளிதான்.

போடுவது பெரும்பாலும் நம் சமையல் உப்பேதான், சோடியம் குளோரைடு. ஒன்டாரியோவில் கோடரிச் என்ற ஊரில், ஹூரான் ஏரிக்கு அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில் பெரிய சுரங்கமே இருக்கிறது. 2001-இல் வந்த கனடா அரசின் ஆய்வறிக்கைப்படி நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சூழலுக்கு நச்சு என்றே அந்த அறிக்கை முடிவு சொன்னது. ஆனாலும் தடை வரவில்லை. 2004-இல் ஒரு நடைமுறைக் கையேடு வந்தது, அதுவும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகை. கார்கள் வழுக்கி ஆட்கள் சாவதோடு ஒப்பிட்டால் வேறென்ன செய்ய முடியும் என்று எனக்கும் தோன்றும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஓடையில் உரம் கலந்தால் பாசியாவது தின்னும். இலை விழுந்தால் மக்கும். குளோரைடை மட்டும் எதுவும் தின்பதில்லை. அது மக்காது, மண்ணிலும் அவ்வளவாக ஒட்டாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். அப்படியானால் வசந்தத்தில் மொத்தமும் அடித்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்து ஹைலேண்ட் கிரீக் ஓடையை 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள்: ஓர் ஆண்டில் போடும் உப்பில் சுமார் 45 விழுக்காடுதான் அந்த ஆண்டே ஓடை வழியாக வெளியேறுகிறது. மீதி நிலத்தடி நீரில் இறங்கிவிடுகிறது.

மழை இல்லாத நாளில் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் ஊற்றாகக் கசியும் அந்த நிலத்தடி நீர்தான். அதனால்தான் ஆகஸ்ட் மாதத்திலும் ஓடை உப்பாக இருக்கிறது. தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது, அதை ஒரு கோடையில் எடுத்துப் போய் முக்கிப் பார்த்தேன். ஒன்டாரியோ ஏரியிலிருந்து வரும் எங்கள் குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு காட்டியது. (அந்த மீட்டருக்கு உப்பும் சுண்ணாம்பும் ஒன்றுதான் என்பதால் முழுப் பழியையும் உப்பின் மேல் போட முடியாது.) பல வருடம் முன்பு நான் கொட்டியதில் கொஞ்சம் இன்னும் வந்துகொண்டிருக்கும்.

சோடியம் செய்யும் வேலை வேறு. களிமண் துகள்கள் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றைப் பிடித்து வைத்திருக்கும். சோடியம் கூட்டமாக வந்தால் அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அடுக்குமாடி வீடுகளில் கடின நீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னருக்கு உப்பு போட்டுக் கழுவுகிறோமே, அதே வேதியியல், ஊர் அளவில். விரட்டப்பட்ட கால்சியம் ஓடைக்கு வந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். மண்ணில் பேசாமல் கிடந்த காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களும் கூடவே கிளம்பும்.

ஏரியில் நடப்பதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமான பகுதி. இந்தக் குளிர்நாட்டு ஏரிகள் பெரும்பாலும் வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை மேலும் கீழுமாகப் புரண்டு கலக்கும். அடியில் இருக்கும் உயிர்களுக்கு மூச்சு கிடைப்பது அப்போதுதான். உப்புத் தண்ணீர் கனமானது. உருகிய பனியோடு வந்து ஏரியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் எளிதில் எழுந்திருக்காது. ஒன்டாரியோ ஏரியின் அக்கரையில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரை ஒட்டிய இரோண்டிக்வாய்ட் விரிகுடாவில் 1970 வசந்தத்தில் இப்படித்தான் தண்ணீர் முழுதாகக் கலக்காமல் போனது. இப்படி நின்றுவிட்டால் அடியில் ஆக்சிஜன் தீரும். சேற்றில் இரும்போடு கட்டுண்டிருக்கும் பாஸ்பரஸ் அவிழ்ந்து தண்ணீருக்கு வரும். அப்புறம் பாசிக்குக் கொண்டாட்டம். பின்னாளில் சுற்றுவட்டாரத்தில் உப்பைக் குறைத்ததும் அந்த விரிகுடா தேறியது.

எவ்வளவு உப்பு அதிகம்? நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகால வரம்பு கனடாவில் லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு, அமெரிக்காவில் 230. நம் ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இந்தியக் குடிநீர்த் தரமே 250 வரை ஏற்கிறது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 1000 வரை விடுகிறது. ஆனால் நாம் குடித்துவிட்டு வெளியேற்றிவிடுவோம், ஏரியில் மிதந்து வாழும் குட்டி விலங்கான மிதவை உயிரி அதற்குள்ளேயே வாழ்ந்தாக வேண்டும். 2022-இல் வந்த ஓர் ஆய்வில், சோதித்த ஏரிகளில் முக்கால்வாசிக்குக் கிட்ட, இந்த வரம்புகளுக்குள்ளேயே அந்த மிதவை உயிரிகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் சரிந்தது. அவை பாசியை மேய்பவை, மீன்குஞ்சுகளுக்கு இரை.

இத்தனை தெரிந்தும் ஏன் குறைப்பதில்லை? பார்க்கிங்கில் உப்பு ஏற்கெனவே சரளைக்கல் மாதிரி கிடக்கும். இன்னொரு சுற்றுப் போடச் சொல்வார்கள். எதற்கு என்று எங்கள் மேற்பார்வையாளரிடம் ஒருமுறை கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, உப்பு மலிவு, வழக்குத்தான் விலை" என்றார். யாராவது வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு கேட்டு வருவார்கள் என்ற பயம்தான். அதனால்தான் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2013-இல், பயிற்சி பெற்று அளவாக உப்பு போடும் ஒப்பந்தக்காரர்களுக்கு அந்த வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. என் பார்வையில் உப்போடு கலந்து தெளிக்கும் பீட்ரூட் சாறு, புதுப்புது ரசாயனம் எல்லாவற்றையும்விட இதுதான் உருப்படியான யோசனை.

என் வீட்டு வாசலுக்கு இப்போது கணக்கு இதுதான்: முதலில் மண்வெட்டியால் வழித்துவிடுவேன், அப்புறம் ஒரு காபி கப் உப்பு. ஆறு மீட்டர் நீள டிரைவ்வேக்கு அது போதும். மைனஸ் 10-க்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது, அன்றைக்கு மணல்தான்.